ஒன்பதாவது விமானத்தை உள்ளே தள்ளும் முன்: ஹேங்கர் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஹேங்கர் நிர்வாகக் குழுவினருக்கு,

நம் பொது ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) இப்போது நிற்கும் 7 விமானங்களோடு இன்னும் இரண்டு செஸ்னா 172 (உடம்புக்கு மேலே இறக்கை உள்ள சிறு விமானம்) சேர்த்து, மொத்தம் 9 நிறுத்தப்படும் என்று அறிவித்திருக்கிறீர்கள். கணக்கும் கொடுத்திருக்கிறீர்கள். 30 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம், ஆக 600 சதுர மீட்டர். விமானத்துக்கு 65 சதுர மீட்டர் வீதம் 9 விமானம். இடம் போதாவிட்டால் டாலியில் (சின்னச் சக்கரங்கள் வைத்த தாழ்ந்த பலகையில்) ஏற்றிப் பக்கவாட்டில் தள்ளலாம், அதுவும் போதாவிட்டால் ஒன்றைக் கூரையிலிருந்து தூக்கிக் கட்டலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த விமானங்களைத் தினமும் வெளியே எடுப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் சேர்ந்து எழுதுகிறோம்: இந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது.

இடம் மிச்சம் பிடிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. இதே ஹேங்கரில் 8 விமானங்களை ஒழுங்காக நிறுத்த முடியும். சாக்பீஸால் தரையில் வரைந்து அளந்தே சொல்கிறோம். ஒன்பதுக்கு இடமில்லை.

உங்கள் கணக்கில் முதல் தவறு, விமானத்தைச் சதுர மீட்டரில் அளந்தது. செஸ்னா 172-க்கு இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 11 மீட்டர். மூக்கிலிருந்து வால் வரை 8.3 மீட்டர். சுற்றிக் கட்டம் போட்டால் 91 சதுர மீட்டர் வரும். ஆனால் இறக்கையின் பரப்பு 16 சதுர மீட்டர்தான். கட்டத்துக்குள் மீதி இருப்பதில் பெரும்பகுதி வெறும் காற்று. ஒரு விமானத்தின் காற்றில் இன்னொரு விமானத்தின் உடம்பை நுழைப்பதுதான் இடம் பிடிக்கும் வேலை. எது எதற்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் மூக்கை வைத்து நிற்கிறது என்பதைப் பொறுத்து அதே விமானம் 91 சதுர மீட்டரும் பிடிக்கும், அதில் முக்கால் பங்கிலும் அடங்கும். சராசரி எடுத்து வகுத்தால் இது எதுவும் தெரியாது.

இரண்டு 172-ஐ ஒரே திசையில் பக்கம் பக்கமாக நிறுத்தினால், நடுக்கோட்டுக்கும் நடுக்கோட்டுக்கும் 11.5 மீட்டர் வேண்டும். 30 மீட்டர் அகலத்தில் இரண்டுக்கு மேல் நிற்காது. ஒன்றின் மூக்கு வாசலைப் பார்க்க, அடுத்ததன் வால் வாசலைப் பார்க்க மாற்றி நிறுத்தினால் ஒன்றின் இறக்கை அடுத்ததன் ஒல்லியான வால் உடம்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இறக்கையின் பாதி 5.5 மீட்டர், அதோடு உடம்புக்கும் இடைவெளிக்கும் 1 மீட்டர், ஆக 6.5 மீட்டர் போதும். மூன்று நிற்க இரு பக்கச் சுவர் இடைவெளியையும் சேர்த்து 25 மீட்டர். ஒரு ஓரத்தில் 7 மீட்டர் இறக்கையுள்ள ஆர்வி-6 என்ற சிறு விமானம் நின்றால், ஒரு வரிசையில் நான்கு நிற்கும்: 29.5 மீட்டர். மிச்சம் 50 சென்டிமீட்டர். ஆழத்தில் இரண்டு வரிசைக்கு 16.6 மீட்டர், பின்சுவருக்கும் கதவுக்கும் அரை அரை மீட்டர், வரிசைகளுக்கு நடுவே ஒரு மீட்டர் போக 1.4 மீட்டர் மிஞ்சும்.

இப்படி நெருக்கி நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு. உங்கள் அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூக்கு வாசலைப் பார்த்து நிற்கும் விமானம் நேராக வெளியே வந்துவிடும். வால் வாசலைப் பார்த்து நிற்பதன் இறக்கை உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அது வெளியே வர வேண்டுமென்றால் இரு பக்கத்து விமானங்களின் இறக்கைகளையும் தாண்ட வேண்டும். ஆகவே அவை முதலில் நகர வேண்டும். பின்வரிசை நடுவில் வால் திரும்பி நிற்பதை எடுக்க முன்வரிசையில் மூன்றும் பக்கத்தில் இரண்டும், ஆக ஐந்து விமானங்கள் இடம் மாற வேண்டும். வெளியே ஐந்து, திரும்ப உள்ளே ஐந்து, மொத்தம் பத்து நகர்த்தல். ஒரு நகர்த்தலுக்கு டோ பாரில் (மூக்குச் சக்கரத்தில் மாட்டி இழுக்கும் கம்பியில்) ஒருவர், இறக்கை நுனிக்கு ஒருவர் என மூன்று பேரும் பத்து நிமிடமும் வேண்டும். கணக்குப் பாருங்கள்: ஒருவர் ஒரு மணி நேரம் பறப்பதற்கு மூன்று பேரின் நூறு நிமிட உழைப்பு. மாதம் ஒருமுறை பறப்பதை அந்த இடத்தில் வைத்தால் தாங்கலாம். தினம் பறப்பதை அங்கே வைத்தால், இரண்டாவது வாரத்திலேயே ஆட்கள் குறுக்கு வழி தேடுவார்கள். இறக்கை நுனிகளில் ஆள் நிற்காமல் ஒருவரே இழுப்பார். கீறல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

அந்தக் கீறல் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 172-இன் ஏலெரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) தகடு அரை மில்லிமீட்டர் அளவுக்கே கனமுள்ள அலுமினியம். அதன் பின்விளிம்பு இன்னொரு விமானத்தின் இறக்கை நுனியில் மெதுவாகப் பட்டால்கூடப் போதும், கட்டைவிரல் அகலத்துக்கு மடங்கிவிடும். காரின் கதவில் விழுந்த பள்ளம்போல அதில் பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடிக்க முடியாது. ஏலெரான் கீலுக்குப் பின்னால் எடை கூடினால் அதன் சமநிலை கெடும். சமநிலை கெட்ட ஏலெரான் வேகத்தில் படபடக்கத் தொடங்கினால் இறக்கையையே பிய்த்துவிடும். கழற்றி, தகடு மாற்றி அல்லது முறையாகச் சரிசெய்து, எடைச் சமநிலையை மறுபடி சோதித்து, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் பறக்கலாம். அதுவரை விமானம் தரையில். 7 நிற்கும் இப்போதே இந்த வகைப் பழுது எங்கள் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் தொட்டது யார் என்று தெரியாமலே வருகிறது. அதுதான் இன்னும் ஆபத்து. தெரியாத பள்ளத்தோடு ஒருவர் பறந்துவிடலாம்.

நீங்கள் வரைந்த படத்தில் பைப்பர் பிஏ-28 என்ற சிறு விமானத்தின் இறக்கை 172-இன் இறக்கைக்கு அடியில் ஸ்ட்ரட் (இறக்கையைத் தாங்கும் சாய்வுத் தண்டு) வரை நுழைந்திருக்கிறது. உடம்புக்கு மேலே இறக்கை உள்ள விமானத்தையும் அடியில் இறக்கை உள்ள விமானத்தையும் இப்படி அடுக்குவது நல்ல வழிதான், நாங்களும் செய்கிறோம். அதற்கு எல்லை உண்டு. 172-இன் ஸ்ட்ரட் உடம்பின் அடியிலிருந்து சரிந்து ஏறி, நடுக்கோட்டிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி இறக்கையில் சேர்கிறது. அதற்கு வெளியே உள்ள 3 மீட்டரின் அடியில்தான் இடம் இருக்கிறது. அந்த 3 மீட்டரிலும் இடது பக்கம் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய் தொங்குகிறது. பிஏ-28-இன் இறக்கை நுனிக்குப் போகப் போக மேலே ஏறுவது. ஆகவே நுனியில்தான் இடைவெளி மிகக் குறைவு.

இதில் நிறுத்தி வைத்த விமானமும் அசையும் என்பதைப் படத்தில் காட்ட முடியாது. இரவில் 172-இன் ஒரு டயர் காற்றிறங்கினால் அந்தப் பக்கம் 8 முதல் 10 சென்டிமீட்டர் தாழும். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 2.55 மீட்டர், இறக்கை நுனியோ எதிர்ச் சக்கரத்திலிருந்து 6.8 மீட்டர் தள்ளி இருக்கிறது. சக்கரத்தில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் நுனியில் 27 சென்டிமீட்டர் இறங்கும். எதிர்ப்பக்க நுனி 17 சென்டிமீட்டர் மேலேறும். மூக்கு ஓலியோவில் (மூக்குச் சக்கரத்தின் அதிர்வுதாங்கியில்) அழுத்தம் குறைந்து மூக்கு 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் வால் 30 சென்டிமீட்டருக்கு மேல் எழும். மாலையில் கை நுழையும் இடைவெளி விட்டுப் பூட்டிப் போகிறோம், காலையில் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யாரும் எதையும் செய்யவில்லை, ஒரு வால்வு கசிந்தது, அவ்வளவுதான். அதனால்தான் அடுக்கும் இடத்தில் மேல்கீழ் இடைவெளி 40 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறோம். உங்கள் படத்தில் ஒன்பதாவது விமானம் நுழைவதற்குக் காரணமே அந்த 40-ஐ ஒரு சாணாகக் குறைத்ததுதான்.

எரிபொருளும் இதில் சேரும். பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். விளிம்பு வரை நிரப்பிய 100 லிட்டர் டேங்க், காலையிலிருந்து மதியத்துக்குள் 15 டிகிரி ஏறினால் ஒன்றரை லிட்டர் வெளியே வந்தாக வேண்டும். 172-இல் அது இடது இறக்கையின் அடியில் ஸ்ட்ரட்டுக்குப் பக்கத்தில் உள்ள காற்றுக் குழாய் வழியாகச் சொட்டும். கீழே பிஏ-28 நின்றால் அதன் இறக்கைமேல் விழும். அக்ரிலிக் கண்ணாடிமேல் விழுந்தால் கண்ணாடி முழுக்க மயிரிழை வெடிப்பு ஓடும். தரையில் இறங்கும் ஆவி காற்றைவிடக் கனமானது, நெருக்கி அடைத்த விமானங்களுக்கு அடியில் தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் யாராவது பேட்டரி சார்ஜரைச் செருகினால் என்ன ஆகும் என்று நாங்கள் எழுத வேண்டியதில்லை.

டாலியைப் பற்றி. மூன்று சக்கரங்களையும் சுழலும் டாலியில் ஏற்றினால் விமானத்தை நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்த்தலாம், உண்மை. வழவழப்பான, சமமான தரையில். நம் தரையில் நடுவில் தண்ணீர் வடிய ஒரு சரிவு இருக்கிறது. வாசலில் கதவுத் தண்டவாளத்தின் பள்ளம் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவே போதும், எரிபொருளோடு 900 கிலோ உள்ள விமானத்தை 9 கிலோ விசை தானாக இழுக்கும். டாலியில் ஏறிய விமானத்துக்குத் தன் பிரேக் பயன்படாது, அது பிடிப்பது தன் சக்கரத்தை மட்டும். உருளுவதோ டாலியின் சக்கரம். 7, 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்னச் சக்கரம் கதவுப் பள்ளத்தில் இறங்கினால் சட்டென்று நிற்கும். மேலே உள்ள விமானம் நிற்காது. அந்தப் பக்கவாட்டு இழுப்பு முழுவதும் மூக்குச் சக்கரத்தின் காலில் விழும். அந்தக் கால் பக்கவாட்டுச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல. 12 முதல் 15 சென்டிமீட்டர் சக்கரம், ஒவ்வொரு டாலியிலும் காலால் மிதிக்கும் பிரேக், பள்ளத்தை மூட இரும்புப் பட்டை, சரிவைச் சமன் செய்த தரை: இவை நான்கும் வந்த பிறகு டாலி பற்றிப் பேசலாம்.

கூரையில் தொங்கவிடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். காலி 172 சுமார் 750 கிலோ. நம் கூரைச் சட்டங்கள் தகரத்தையும் காற்றையும் தாங்கப் போட்டவை. கட்டடப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திடாமல் ஒரு சங்கிலியைக்கூட அதில் மாட்டக்கூடாது. மாட்டினாலும், எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று விமானத்தின் பராமரிப்புக் கையேடு சொல்லும் இடத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும். மேலே ஒரு விமானம் தொங்கும்போது அதன் கீழே ஆள் வேலை செய்வதை நாங்கள் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இடம் சுருங்க வேண்டுமென்றால் விமானமே சுருங்க வேண்டும் என்பதை இந்தத் தொழில் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. 1925-இல் முதலில் பறந்த டி ஹாவிலாண்ட் மாத் இறக்கையை உடம்போடு ஒட்டிப் பின்னால் மடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கிரம்மன் எஃப்4எஃப்-4 வைல்ட்கேட் 11.6 மீட்டர் அகலத்திலிருந்து 4.4 மீட்டருக்கு மடிந்தது. ஒரே கப்பலில் கூடுதல் விமானங்கள் நிற்க அதுதான் வழி செய்தது. மடியாத விமானத்தை மடிந்ததுபோல நினைத்துக்கொண்டு தள்ளினால் மடிவது தகடுதான்.

நம்மிடமும் மடிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. பின்மூலையில் நிற்கும் நான்காவது 172 மூன்று ஆண்டுகளாகப் பறக்கவில்லை. டயர்கள் காற்றிறங்கி வட்டம் போய்விட்டன. முழு 11 மீட்டரையும் அதுதான் தின்றுகொண்டிருக்கிறது. 172-க்குச் சக்கரங்கள் உடம்பில் இருப்பதால் இறக்கைகளைக் கழற்றினாலும் அது தன் காலிலேயே நிற்கும். (பிஏ-28-இல் இது முடியாது, அதன் பக்கச் சக்கரங்கள் இறக்கையில் இருக்கின்றன.) இறக்கை இல்லாத உடம்பின் அகலம் கிடைவாலின் (வாலில் படுக்கையாக உள்ள சிறு இறக்கையின்) 3.45 மீட்டர் மட்டுமே. கழற்றிய இறக்கையை முன்விளிம்பு கீழே இருக்கும்படி, தடித்த கம்பளம் போட்ட தொட்டிலில் நிறுத்தி வைத்தால் சுவரோரத்தில் ஒவ்வொன்றும் அரை மீட்டர் அகலத்துக்குள் அடங்கும். டேங்கை முழுக்க வடித்து, எரிபொருள் குழாய் முனைகளையும் கேபிள்களையும் மூடி அடையாளச் சீட்டு கட்டி, போல்ட்டுகளை அந்தந்த இறக்கையோடு பையில் தொங்கவிட வேண்டும். இதைத் தெரிந்தவர்கள் ஒரு நாளில் முடிப்பார்கள்.

அப்படிச் செய்தால் முன்வரிசையில் ஆர்வி-6, 172, பிஏ-28, 172. பின்வரிசையில் 172, பிஏ-28, 172, ஓரத்தில் இறக்கை கழற்றிய உடம்பு. பின்வரிசைக்கு 25 மீட்டர் போக 5 மீட்டர் மிஞ்சும். உடம்புக்கும் இடைவெளிக்கும் 4 போதும், மீதி 1 மீட்டரில் இரண்டு இறக்கைகள். புதிதாக ஒரு 172 உள்ளே வந்துவிட்டது. எந்த இறக்கையும் இன்னொன்றின்மேல் இல்லை, மேல்கீழ் இடைவெளியைப் பற்றிக் கவலையும் இல்லை. அடிக்கடி பறப்பவை முன்வரிசையில் மூக்கு வாசலைப் பார்த்து, அரிதாகப் பறக்கும் பிஏ-28 பின்வரிசை நடுவில். இதற்கு மேல் இந்த 600 சதுர மீட்டரில் ஒன்றும் கிடையாது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

9 விமானங்கள் என்ற முடிவை நிறுத்தி வையுங்கள். இரண்டாவது புதிய விமானத்துக்கு இந்த ஹேங்கரில் இடம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பறக்காத 172-இன் உரிமையாளரிடம் எழுத்தில் பேசுங்கள். இறக்கை கழற்றுவதற்கான செலவைப் புதிதாக வருபவரின் கட்டணத்திலிருந்து ஈடுகட்டலாம். கழற்றும் வேலையைத் தகுதி பெற்ற பராமரிப்பாளர் மட்டுமே செய்ய வேண்டும். உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் 7-தான்.

ஒவ்வொரு விமானத்தின் வடிவத்தையும் 50-க்கு 1 என்ற அளவில் அட்டையில் வெட்டி, எங்களோடு உட்கார்ந்து வரைபடத்தில் நகர்த்திப் பாருங்கள். ஒத்துக்கொண்ட அமைப்பைத் தரையில் பெயின்ட்டில் வரையுங்கள்: மூக்குச் சக்கரத்துக்கு ஒரு கோடு, பக்கச் சக்கரங்களுக்கு இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் விமானத்தின் எண். பக்கவாட்டில் அரை மீட்டர், மேல்கீழாக 40 சென்டிமீட்டர், வரிசைகளுக்கு நடுவே ஆள் ஓட ஒரு மீட்டர் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூன்று பேர் இல்லாமல் எந்த விமானமும் நகரக்கூடாது என்று விதி செய்யுங்கள். 172-இன் மூக்குச் சக்கரத்தை டோ பாரால் 30 டிகிரிக்கு மேல் திருப்பக்கூடாது, கிடைவாலை அழுத்தி மூக்கைத் தூக்கக்கூடாது, புரொப்பெல்லரைத் தொடும் முன் மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) அணைந்து சாவி வெளியே இருக்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். நகர்த்தியவர் பெயரும் நேரமும் எழுத வாசலில் ஒரு பதிவேடு வையுங்கள். பட்டுவிட்டது என்று தானாகச் சொல்பவருக்குத் தண்டனை இருக்கக்கூடாது. அது இருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

டேங்கை விளிம்பு வரை நிரப்பி உள்ளே கொண்டுவருவதைத் தடை செய்யுங்கள். நிறுத்தும்போது எரிபொருள் தேர்வுக் கைப்பிடியை இடது அல்லது வலதில் வைக்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் பொதுவாக விட்டால் சரிவில் ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி வழியும். ஒவ்வொரு காற்றுக் குழாய்க்கு அடியிலும் தட்டு வையுங்கள். ஹேங்கருக்குள் சார்ஜர் வேண்டாம்.

டாலியும் கூரைச் சங்கிலியும் பற்றிய இரண்டு வரிகளை அறிவிப்பிலிருந்து நீக்குங்கள். தரை சமன் செய்யப்பட்டு, பொறியாளரின் எழுத்துமூல அனுமதி கையில் வந்த பிறகு அவற்றைத் தனியாகப் பேசுவோம்.

முதல் புதிய விமானம் வாசலுக்கு வரும் முன்பு, சாக்பீஸ் கோடுகள் அழியாமல் இருக்கும்போதே, குழுவினர் ஒரு மாலை ஹேங்கருக்கு வாருங்கள். பின்வரிசை நடுவில் உள்ள பிஏ-28-ஐ எங்களோடு சேர்ந்து ஒருமுறை வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வையுங்கள்.

இப்படிக்கு,
ஹேங்கரின் விமான உரிமையாளர்களும் பராமரிப்பாளர்களும்